ஜமாபந்திக்கு வத்தக்குழம்பு

போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், இஸ்திரி போட்ட சட்டை, தலைக்குக் கொஞ்சம் எண்ணெய், கையில் எவர்சில்வர் தூக்கு, தூக்குக்குள் திங்கட்கிழமை வைத்த வத்தக்குழம்பு — இந்தக் கோலத்தில் பக்கத்து வீட்டு காலிங் பெல்லை அழுத்திவிட்டு நின்றேன்.

யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

கூப்பிட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தாறு வயசு. காலேஜ் லைப்ரரியில் வேலை. நாலு அலமாரி அகராதிகளைத் தூசி தட்டித் தட்டியே தும்மல் நோய் வாங்கியவன். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரே ஒரு வார்த்தை தப்பாகப் புரிந்துவிட்டது. அர்த்தம் தெரியாமல் இல்லை. கூடுதலாக ஒரு அர்த்தம் தெரிந்திருந்ததுதான் கோளாறு.

வார்த்தை — ஜமாபந்தி.

நிலம் நீச்சு உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுக்குமாடி வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, வெயில் மண்டையைப் பிளக்கிற நாளாகப் பார்த்து, தாலுகா ஆபீஸ் வாசலில் ஷாமியானா போடுவார்கள். மேலதிகாரி வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குகளைச் சரிபார்ப்பார். ஜனங்கள் மனுவோடு க்யூவில் நிற்பார்கள். பட்டாவில் பேர் மாற்றணும், வாய்க்காலை எவனோ மடக்கிவிட்டான், நட்ட இடத்தில் எல்லைக்கல்லைக் காணோம்... எல்லா வழக்கும் அன்றைக்குத்தான். பாரசீகத்திலிருந்து வந்து, எத்தனையோ ஆட்சியைப் பார்த்து, கம்ப்யூட்டர் வந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற வார்த்தை. எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, ஜமாபந்தி வந்துவிடும்.

சரி, அதற்கும் வத்தக்குழம்புக்கும் என்ன சம்பந்தம்?

சுகந்தி என்று ஒரு சம்பந்தம்.

என் மனைவி. பொள்ளாச்சிப் பக்கம். தென்னந்தோப்பிலிருந்து நேராக நெல்வயலுக்குக் கல்யாணமாகி வந்தவள். முதல் வருஷம், ஒரு நாள் காலை, "இன்னிக்கு நான் ஜமாபந்திக்குப் போறேன், மதியம் எனக்கு சோறு வடிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டு மனைக்குப் பட்டாவில் பேர் மாற்ற வேண்டியிருந்தது. நாள் பூராவும் வெயிலில் நின்று, யாரோ கொடுத்த ஒரு டம்ளர் மோரோடு வீடு திரும்பினால், வாசலிலேயே கேட்டாள்:

"ஏனுங்க, இலைங்களா, தட்டுங்களா?"

"என்னது?"

"பந்திதானுங்க. பாயசம் உண்டுங்களா?"

அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "அந்த ஜமாங்கறவரு உங்களுக்குச் சொந்தங்களா, சிநேகிதங்களா? என்னையும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமுங்க."

புரிந்தது. ஜமா என்கிற ஒரு பெரிய மனிதர் வீட்டு விசேஷம். ஊரையே கூட்டிப் பந்தி போடுகிறார். கட்டிய புருஷன் புதுப்பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான்.

சிரித்தேன். அகராதி படித்தவன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு வார்த்தையின் மூலம், திரிபு, பிரயோகம் எல்லாம் விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். போச்சு, நாளைக்குப் பொள்ளாச்சிக்கு பஸ் பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு உள்ளேயிருந்து குரல்: "வாங்க. ஜமாபந்தி ஆரம்பிச்சாச்சு. மனு இருந்தாக் குடுங்."

தரையில் இரண்டு இலை. ஃபிரிட்ஜில் இருந்த மிச்சம் மீதி அத்தனையும் கிண்ணம் கிண்ணமாக வரிசையில் நின்றது. நேற்றைய பொரியல், முந்தாநாள் ரசம், இரண்டு இட்லி, யார் வீட்டுக் கல்யாணத்திலோ கொடுத்த ஒற்றை லட்டு. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரி மாதிரி அவள்.

"ரசத்துக்கு ஒரு மனு" என்றேன்.

"பரிசீலிக்கப்படும்."

அன்றைக்கு அந்த வார்த்தை கைமாறியது. பட்டா அரசாங்கத்தின் பேரில் இருக்கலாம். அனுபவ பாத்தியதை எங்களுடையது.

வெள்ளிக்கிழமை அவள் வீடு கழுவுகிற நாள். அதற்கு முன்னால் ஃபிரிட்ஜைக் காலி பண்ணியாக வேண்டும். ஆகவே வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில் ஜமாபந்தி ஆயிற்று. ஒரு வார்த்தை வந்தால் சும்மா வருமா? குடும்பத்தோடுதான் வரும். எனக்குப் பிடிக்காத கத்தரிக்காயை ஓசைப்படாமல் அவள் இலைக்குத் தள்ளுவது பட்டா மாற்றம். அவள் என் அப்பளத்தில் கை வைத்தால் ஆக்கிரமிப்பு. ஃபிரிட்ஜில் ஒன்றுமே இல்லாத வாரம் தரிசு. கிராமத்துப் பயிர்க் கணக்குக்கு 'அடங்கல்' என்று பெயர் என்று நான் ஒரு நாள் விளக்கிக்கொண்டிருந்தபோது, நடுவிலேயே ஒரு ஏப்பத்தை விட்டு, "எனக்கு அடங்கல் ஆயிப்போச்சுங்க" என்று எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் வயிறு நிறைந்ததே இல்லை. அடங்கல்தான் ஆகும்.

இரண்டு பேரும் கவுரவம் பார்த்துத் தொடாமல் விடுகிற கடைசி வடைக்குப் 'புறம்போக்கு' என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு கல்யாணப் பந்தியில் பழக்க தோஷத்தில் நான் அவள் காதில், "பாரு, புறம்போக்கு" என்று சொல்ல, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தார். நான் வடையைச் சொன்னேன் என்பதை அவர் கடைசி வரை நம்பவில்லை.

சண்டை வந்தால் 'தனி ஜமாபந்தி'. அவள் சமையல்கட்டில், நான் டி.வி. முன்னால். எல்லைத் தகராறு முற்றினால் யாராவது ஒருவர் இறங்கிவந்து, "சர்வேயர் வந்தாச்சா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் சமாதானம். பெரும்பாலும் சர்வேயரை நான்தான் கூப்பிடுவேன். தப்பும் பெரும்பாலும் என்னுடையதாகவே இருந்ததால் அதில் கவுரவக் குறைச்சல் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள். கரப்பான்பூச்சிக்கு ஒரு பட்டப்பெயர், வாடகை கேட்க வருகிறவருக்கு ஒரு சங்கேதம், தும்மலுக்கு ஒரு பதில்... எந்த அகராதியிலும் ஏறாத வார்த்தைகள். ஒரு வீட்டுக்குள் பிறந்து அந்த வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவை. அவற்றுக்கு வெளியூர்ப் பயணம் ஒத்துக்கொள்ளாது.

எங்கள் ஜமாபந்தியில் இரண்டு விசேஷங்கள் உண்டு. இரண்டையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒன்று, வத்தக்குழம்பு. இந்த ஊருக்கு வந்துதான் அதைக் கற்றுக்கொண்டாள். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் எல்லாரையும் தோற்கடித்துவிட்டாள். பழசான வத்தக்குழம்புக்கு ஈடு கிடையாது என்று நான் வாராவாரம் மனுப் போடுவேன். பிந்தைய வருஷங்களில் வாராவாரம் மனு தள்ளுபடி. "அது நேத்தே தீந்து போச்சுங்களே." எப்படித் தீர்ந்தது என்று நான் கேட்டதில்லை. அதிகாரியின் தீர்ப்பை அப்பீல் பண்ணுகிற ஜாதி இல்லை நான்.

இரண்டு, சாம்பார். அவள் வைக்கிற சாம்பார் அன்றன்றைக்குச் சுமார்தான். சொல்லிவிடலாம், இப்போது அடிக்க யாரும் இல்லை. ஆனால் அதே சாம்பார் வியாழக்கிழமை வந்தால் ஆளே மாறியிருக்கும். கெட்டியாக, மாங்காய்ப் புளிப்போடு, எங்கிருந்தோ ஒரு கறி வாசனையோடு. "பழசானா ருசி மாறுமுங்க" என்பாள். நானும் அசந்துபோய் இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் எழுதினேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சாம்பாரும் தாம்பத்தியமும் பழசாகப் பழசாகத்தான் மணக்கும் என்று முடித்திருந்தேன். கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி, மூன்று நாள் வைத்துப் பார்த்தும் எங்கள் வீட்டுச் சாம்பாருக்குக் கறி வாசனை வரவில்லை, ஊசல் வாசனைதான் வருகிறது, என்ன காரணம் என்று கேட்டு எழுதியிருந்தார். அது கைப்பக்குவம் அம்மா என்று பெருந்தன்மையாகப் பதில் போட்டேன்.

சுகந்தி போய் இரண்டு வருஷம் ஆகிறது.

இதை இங்கே நான் இதுவரை எழுதவில்லை. எழுதினால் ஆறுதல் சொல்லிக் கடிதங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் போட வேண்டும். அதற்குத் தெம்பில்லை என்று தள்ளிப்போட்டேன். ஐப்பசி அடைமழையில், நான்கு நாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஐந்தாம் நாள்... சரி, விடுங்கள். எழுதினால் இப்படித்தான் ஆகிறது.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஒரு மொழியைப் பேசுகிற ஜனங்களில் சரிபாதிப் பேர் ஒரே நாளில் இறந்துபோனார்கள் என்று செய்தி வந்தால் உலகமே பதறாதா? அறிஞர்கள் டேப்ரெக்கார்டரோடு ஓடி வரமாட்டார்களா? எங்கள் வீட்டு மொழிக்கு அதுதான் நடந்தது. ஒருவரும் ஓடி வரவில்லை. மிச்சம் இருக்கிற ஒரே ஆள் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

அந்த ஃபிரிட்ஜ் வேறு ஒரு கதை. ஒரு ஆளுக்குச் சாம்பார் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? முடியாது. பருப்பைக் கையளவு போட்டாலும் மூன்று நாளைக்கு நிற்கும். சுகந்தி இருந்தவரை வாரத்துக்கு ஒரு நாள் ஜமாபந்தி. இப்போது தினசரி ஜமாபந்தி. அதிகாரியும் நானே, மனுதாரனும் நானே. கடைசி வடையை விட்டுக்கொடுக்க எதிரில் ஆள் இல்லையென்றால் அது புறம்போக்கும் இல்லை. வெறும் வடை.

அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம் என்று ஆசை வரும். சுவரிடம் சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஒரு நாள் லைப்ரரியில் என்னோடு வேலை பார்க்கிற குணசேகரன், "ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க சார்?" என்று கேட்டான். வாய் தவறி — தவறி என்ன, வேண்டுமென்றேதான் — "ஜமாபந்திதான்" என்றேன்.

"ராத்திரியிலயா? எந்தக் கிராமத்துக்கு சார்?"

உட்கார வைத்து விளக்கினேன். பொள்ளாச்சி, பந்தி, மனு, புறம்போக்கு, அடங்கல், எல்லாம். சுகந்தி ஏப்பம் விட்ட கட்டத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. அவன் முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டான்.

"ஓ... அதாவது பழசு. ஃபிரிட்ஜ்ல வச்சுத் திங்காதீங்க சார், கேஸ் டிரபிள் வரும்."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். விளக்கின நகைச்சுவையும் வடித்த கஞ்சியும் ஒன்று. சத்து இருக்கலாம், ஆறிப்போனால் யாரும் தொடமாட்டார்கள்.

இப்போது பக்கத்து வீட்டுக்கு வருகிறேன்.

சலீம் பாய். வளைகுடாவில் வருஷக்கணக்காக ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு, ஊரோடு வந்து டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். எட்டு ஒன்பது வருஷமாகப் பக்கத்து வீடு. நடுவில் மார்பளவு காம்பவுண்டு சுவர். அவர் மனைவி ஜரீனா. சுகந்தி போனதும் ஒரு மாதம் எனக்கு அந்த வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. நான்தான் ஒரு நாள், "போதும்மா, நானே பொங்கிக்கறேன்" என்று நிறுத்தினேன். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்கிற உயர்ந்த கொள்கை. உயர்ந்த கொள்கையைப் பசிக்கிற வயிற்றோடு வைத்துக்கொண்டு திரிகிறவனை எங்கள் பக்கம் 'ரொம்பப் படிச்சவன்' என்பார்கள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் நான் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த சலீம் பாய் தலையைத் தூக்கினார்.

"சார், வியாழக்கெழமை ஜமாபந்தி. நீங்களும் வந்துருங்களேன்."

வாளி நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடவில்லை.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு இன்னொரு மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை. அதுவும் வியாழக்கிழமையோடு சேர்த்து! "நானா?" என்றேன்.

"பின்ன? நீங்க பக்கத்துல இருந்தா நல்லாருக்கும். ஒத்தையில வீட்ல என்ன பண்ணப்போறீங்க?"

சுகந்தி சொல்லியிருக்கிறாள். இதுதான் என் மனசில் ஓடியது. சுவர் ஓரம் நின்று இரண்டு பெண்களும் பேசாத பேச்சா? ஜரீனாவிடம் சொல்லியிருக்கிறாள், ஜரீனா வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள், வார்த்தை சுவர் ஏறிக் குதித்து அந்தப் பக்கம் குடியிருக்கிறது. நான்தான் கடைசி ஆள் என்று இத்தனை நாள் துக்கம் கொண்டாடியிருக்கிறேன்!

உண்மையான ஜமாபந்தி நடக்கிற மாதம் இது என்பது எனக்கு ஞாபகம் வந்ததா? வரவில்லை. பேப்பரில் பார்த்திருந்தேன். லைப்ரரி நோட்டீஸ் போர்டில் அந்த அறிவிப்பை ஒட்டியதே நான்தான். இருந்தும் வரவில்லை. மனுஷனுக்கு எது வேண்டுமோ அதைத்தான் காது கேட்கும் போலிருக்கிறது.

இரண்டு நாள் தயார் பண்ணினேன். என்ன தயார்? பழசைச் சேமிப்பதுதான். திங்கட்கிழமை வைத்த வத்தக்குழம்பைத் தொடாமல், ரசத்தை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு, அதைப் பத்திரப்படுத்தினேன்.

வியாழக்கிழமை காலையில் தெருவில் ஒரு ஆட்டோ நின்றுகொண்டு ஓயாமல் ஹாரன் அடித்தது. எந்தப் பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டு, ஷவரில் குளித்தபடி பாட்டுப் பாடினேன்.

சாயங்காலம் நடந்ததுதான் நீங்கள் முதல் பாராவில் பார்த்தது.

கதவைத் திறந்தது சலீம் பாய். லுங்கி, பனியன். ஹாலில் மின்விசிறிக்கு அடியில் பேப்பர்கள் பறக்காமல் இருக்க மேலே டார்ச், சாவிக்கொத்து, மருந்து பாட்டில். சாப்பாட்டின் அறிகுறியே இல்லை.

"எங்க போனீங்க சார் காலையில? ஆட்டோவ நிறுத்திட்டு ஹாரன் அடிச்சு அடிச்சு அவன் கை வலிக்குதுங்கறான். தாலுகா ஆபீஸ்ல க்யூ எம்மாந்தூரம் தெரியுமா?"

தூக்கு கையில் கனத்தது.

விஷயம் இதுதான். அவருடைய அத்தா, அதாவது அப்பா, விட்டுப்போன கொஞ்சம் நஞ்சை. பட்டாவில் எவரோ எப்போதோ எழுதும்போது ஒரு புள்ளி போய் ஒரு கால் வந்து, சலீம் 'சலீமா' ஆகிவிட்டார். எழுத்துப் பிழை பார்க்கிறதில் நான் கெட்டிக்காரன், நல்ல தமிழில் மனு எழுதுவேன் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் வராததால் அவரே எழுதினாராம்: 'நான் பெண் அல்ல என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்து அவர் மீசையைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு மனுவை வாங்கி வைத்தாராம்.

"சரியாயிரும்னு சொல்லிருக்காங்க. அது கிடக்கட்டும், அது என்ன சார் கையில?"

என்ன சொல்ல? "குழம்பு... ஜாஸ்தியாப் போச்சு."

ஜரீனா சமையல்கட்டிலிருந்து வந்து தூக்கை வாங்கித் திறந்து மோந்து பார்த்தாள். "வத்தக்குழம்பா? எப்ப வச்சதுண்ணே?"

"திங்கட்கிழமை."

பழைய குழம்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வந்த ஆளை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி அவள் என்னைப் பார்க்கவில்லை. தூக்கை மறுபடியும் ஒரு தடவை மோந்து பார்த்தாள்.

"இன்னிக்கு வியாழக்கெழமைல்ல?" என்றாள். "அண்ணனுக்கு எப்புடித் தெரியும்? அக்கா சொல்லிட்டாங்களா?"

"எது?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சலீம் பாய்தான், "இனிமே என்ன, சொல்லு" என்றார்.

சொன்னாள். வியாழக்கிழமை மத்தியானம், நான் லைப்ரரியில் இருக்கிற நேரமாகப் பார்த்து, சுகந்தி சுவர் மேல் ஒரு கிண்ணம் வைப்பாளாம். வத்தக்குழம்பு. ஜரீனா அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிண்ணம் வைப்பாளாம். தால்ச்சா. பருப்பும் மாங்காயும் கறி எலும்பும் போட்டு அவர்கள் வீட்டில் வைக்கிறது.

"எலும்ப எல்லாம் எடுத்துட்டுத்தாண்ணே குடுப்பேன். அண்ணன் கண்ணுல பட்டா கண்டுபிடிச்சிருவாங்கன்னு அக்கா சொல்லிருந்தாங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

பழசாகப் பழசாகக் கறி வாசனை! கைப்பக்குவம் அம்மா! கும்பகோணத்து வாசகியே, எங்கே இருக்கிறீர்கள்? மன்னித்துவிடுங்கள். உங்கள் வீட்டுச் சாம்பார் யோக்கியமான சாம்பார்.

சலீம் பாய் தன் பங்குக்குச் சொன்னார். "ஒங்க வீட்டு வத்தக்குழம்புக்காகத்தான் சார் நான் வியாழக்கெழமை கடைய சீக்கிரம் சாத்துவேன்." என் மனுக்கள் வாராவாரம் தள்ளுபடியான காரணம் லுங்கி பனியனோடு எதிரில் உட்கார்ந்திருந்தது.

"என்கிட்ட சொன்னா என்னவாம்? நான் கறி திங்காதவனா?"

ஜரீனாவுக்குச் சிரிப்பு. "நானும் அதத்தான் கேட்டேன். 'வேண்டாஞ்சாமி, தெரிஞ்சா அடுத்த வாரமே புஸ்தகத்துல போட்டுருவாரு'ன்னுட்டாங்க."

இருபத்துச் சொச்சம் வருஷம் குடித்தனம் பண்ணியவள் என்னைப் பற்றி வைத்திருந்த கருத்து. எவ்வளவு அநியாயம்! அவள் சொன்னபடி அடுத்த வாரமே போட்டுவிட்டேன் என்பது வேறு விஷயம்.

ஜரீனா சிரிப்பை நிறுத்தினாள். "அக்கா போனப்பறம் ஒரு வியாழக்கெழமை... கை பழக்கம்ணே, நெனப்பில்லாம கிண்ணத்தக் கொண்டாந்து செவுத்து மேல வச்சுட்டேன். பொழுது சாயுற வரைக்கும் அப்படியே இருந்துச்சு. அப்பறம் காக்கா தட்டி விட்டுருச்சு."

அந்தக் கிண்ணத்தை நான் பார்த்தேன்.

அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்தேன். சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஏதோ காய வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, வெயில் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து படுத்தேன். சாப்பிடவில்லை. சாப்பிட ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். தரிசு என்று நானே சொல்லிக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்டேன்:

"ஜமாபந்தி... ஜமாபந்தின்னு அவ ஏதாவது சொல்லுவாளா?"

"அது தாலுகா ஆபீஸ்ல நடக்குறதுல்ல?" என்றாள் ஜரீனா.

"இல்ல, இந்தக் கிண்ணம் மாத்துறதுக்கு... பேர் மாதிரி."

யோசித்தாள். "பேரெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. 'ஜரீனா, கிண்ணம்'னு கொரல் குடுப்பாங்க. அவ்வளவுதான்."

அப்படியானால் சொல்லவில்லை. குழம்பைச் சுவர் தாண்ட விட்டிருக்கிறாள். வார்த்தையை விடவில்லை. அதை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறாள், எனக்கும் அவளுக்கும் மட்டும். இதில் சந்தோஷப்படுவதா, அழுவதா? நான் நினைத்தது சரிதான். அந்த மொழிக்கு நான்தான் கடைசி ஆள். வாராவாரம் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் என்று நினைத்து உட்கார்ந்த பந்தியில்தான் நாலு பேர் இருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டேன். சலீம் பாய் என் வத்தக்குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாகரிகமாகத் தண்ணீர் குடித்தார். "அக்கா கை வேற சார்" என்று மட்டும் சொன்னார். நானும் அப்பீல் பண்ணவில்லை.

நேற்று மறுபடியும் வியாழக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது முயற்சியில் கொஞ்சம் தேறியிருந்த வத்தக்குழம்பை, சுகந்தியின் பழைய கிண்ணம் ஒன்றைத் தேடி எடுத்து ஊற்றி, சுவர் மேல் வைக்கப் போனேன். எனக்கு முன்னாலேயே அங்கே ஒரு கிண்ணம், தட்டுப் போட்டு மூடி, காக்காய்க்குப் பயந்து மேலே ஒரு உடைந்த டைல்ஸ் துண்டும் வைத்து, நின்றுகொண்டிருந்தது.

தட்டைத் தூக்கிப் பார்த்தேன். தால்ச்சா. எலும்போடு. இனிமேல் எடுக்க வேண்டிய அவசியம் இல்லையே.

அந்தப் பக்கம் சலீம் பாய் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இரண்டு வருஷமாக உள்ளேயே கிடந்த வார்த்தை. சுவரில் கை ஊன்றி, எட்டிப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்:

"பாய்! ஜமாபந்தி!"

துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தார்.

"அது போன வாரமே முடிஞ்சு போச்சு சார். இனி அடுத்த வருஷந்தான்."